குளக்கட்டில் உங்கட பங்கு எது?

இலங்கையின் நீர்ப்பாசனச் சட்டங்களை ஆங்கிலத்தில் வாசித்தாலும் எங்கட சொல் ஒன்று அப்படியே கிடக்கும்: பங்கு. குளக்கட்டின் நீளத்தை வயல்காரருக்குப் பிரித்துக் கொடுக்கிற முறை அது. கூடக் காணி வைத்திருப்பவருக்கு நீளமான துண்டு, குறையக் காணிக்காரருக்குச் சின்னத் துண்டு. மாரிக்கு முன்னம் அவரவர் துண்டில் பற்றை வெட்டி, பொந்து விழுந்த இடத்துக்கு மண் போட்டு இறுக்கவேணும். கட்டு உடைந்தால் அது யாருடைய துண்டு என்று ஊருக்கே தெரியும். அந்த வெட்கம்தான் பாதி வேலையைச் செய்தது என்று நினைக்கிறேன்.

1832இல் பிரித்தானியர் இராஜகாரியத்தை ஒழித்தார்கள். கட்டாய ஊழியம் போனது நல்லதுதான், அதில ரெண்டாம் கதை இல்லை. ஆனால் பல இடங்களில் குளத்து வேலையும் அதோடுதான் பிணைந்திருந்தது. வராத ஆளை வா என்று சொல்ல ஒருத்தருக்கும் அதிகாரம் இல்லாமல் போச்சு. ஒருவர் தன் துண்டைக் கைவிட்டால் மற்ற எல்லாருடைய உழைப்பும் வெள்ளத்தோடு போகும். குளங்கள் தூர்ந்தன. உதவி அரசாங்க அதிபர் ஜோன் பெய்லி ஊவாவின் நிலைமையைப் பற்றி அறிக்கை எழுத, தேசாதிபதி ஹென்றி வார்ட் 1856இல் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்தார். பழைய வழக்கத்துக்கே சட்டபலம் கொடுத்ததுதான் அதில் முக்கியம். தண்ணியைப் பங்கிட வெல்விதானை, கிழக்கில வட்டவிதானை.

இதைப் பொற்காலம் என்று நினைக்கவேண்டாம். கூட்டத்தில் குரல் காணிச் சொந்தக்காரருக்குத்தான். குத்தகைக்குச் செய்தவனும் கூலிக்கு மண் சுமந்தவனும் அந்தக் கணக்கில் இல்லை. 1958இல் பிலிப் குணவர்தனவின் நெற்காணிச் சட்டம் வெல்விதானைப் பதவியை எடுத்துவிட்டுப் பயிர்ச்செய்கைக் குழுக்களை வைத்தது அதனால்தான். 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டத்தில் அந்தப் பொறுப்பு கமக்காரர் அமைப்புகளிடம் இருக்கிறது.

வன்னியில் இடையில் யுத்தம். ஊரே இடம்பெயர்ந்தபோது பங்கும் போய்விட்டது. பிறகு ஒப்பந்தக்காரர் பெக்கோவோடு வந்து கட்டைத் திருத்தினார்கள். துருசு புதிதாச்சு, வாய்க்காலுக்குச் சீமெந்து பூசினார்கள். ஆனால் யாருடைய துண்டு எது என்று இப்ப எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னொரு சிக்கல் இருக்கு. பங்கு வயலோடு ஒட்டியது. நகரத்தை அண்டிய குளங்களுக்குக் கீழே வயல் இப்ப வீட்டுக்காணி. குளம் நிறைஞ்சால்தான் எங்கட கிணறு ஊறும், ஆனால் எங்களுக்கு வயலில்லை, அதனால் பங்குமில்லை. அலைகரையில் இரவோடிரவாக மண் கொட்டினால் கேட்கிற உரிமை யாருக்கு? ஒருநாள் சிரமதானத்தில் பிளாஸ்ரிக் பொறுக்கலாம், கொட்டின மண்ணை அள்ள முடியாது.

காலபோகத்துக்கு முந்தின கூட்டத்தின் திகதியைக் கமநல சேவை நிலையத்தில் கேட்கலாம். வயலில்லாட்டிலும் கிணத்துக்காரராய்ப் போய் ஒரு மூலையில் இருங்கோ. குளத்தின் பழைய நில அளவைப் படம் இருக்கா என்றும் கேளுங்கோ. அலைகரை முந்தி எதுவரை இருந்தது என்று அதில் கோடு போட்டிருக்கும்.