பாக்டீரியாவழிப் புற்றுநோய்ச் சிகிச்சை

பாக்டீரியாவழிப் புற்றுநோய்ச் சிகிச்சை என்பது, வீரியம் குறைத்த அல்லது மரபணு மாற்றிய பாக்டீரியாவைச் செலுத்தித் திண்மக் கட்டிகளை ஒடுக்க முயலும் மருத்துவ முறை. இவ்வகைச் சிகிச்சைகளில் வழக்கமானதாக நிலைபெற்றிருப்பது சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குத் தரப்படும் பி.சி.ஜி.

அடிப்படை

வேகமாக வளரும் கட்டியின் நடுப்பகுதிக்கு இரத்த ஓட்டம் போதாது. ஆக்சிஜன் குறைந்த அவ்விடத்தில் மருந்து சரியாகச் சேர்வதில்லை, கதிர்வீச்சும் வலுவிழக்கிறது. ஆனால் சால்மோனெல்லா, ஈ.கோலை, குளோஸ்ட்ரிடியம் போன்றவை ஆக்சிஜன் இன்றியும் வாழும். நோயெதிர்ப்புச் செல்களின் காவல் தளர்ந்த கட்டிக்குள் அவை பெருகுகின்றன.

வரலாறு

நியூயார்க் அறுவை மருத்துவர் வில்லியம் கோலி 1891இல் நோயாளியின் கட்டியில் ஸ்ட்ரெப்டோகாக்கஸைச் செலுத்தினார். கதிர்வீச்சுச் சிகிச்சை பரவியபின் அவரது முறை வழக்கொழிந்தது. பிரான்சில் கால்மெட், கேரன் இருவரும் 1908 முதல் 1921 வரை மாட்டுக் காசநோய்க் கிருமியைத் திரும்பத் திரும்ப வளர்த்து வீரியம் இழக்கச்செய்து பி.சி.ஜி. என்னும் காசநோய்த் தடுப்பூசியை உருவாக்கினர். அதைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்திப் பலன் கண்டதை 1976இல் கனடாவின் அல்வாரோ மொராலெஸ் வெளியிட்டார். கட்டியை அகற்றியபின், வாரம் ஒருமுறையாக ஆறு வாரம் இம்மருந்து குழாய்வழி செலுத்தப்படுகிறது.

இந்தியாவில்

சென்னை கிண்டியில் 1948இல் தொடங்கப்பட்ட பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வகம், குழந்தைகளுக்கான தடுப்பூசியோடு புற்றுநோய்ச் சிகிச்சைக்கான 40 மில்லிகிராம் பி.சி.ஜி.யையும் தயாரித்துள்ளது. மரபணு மாற்றிய பி.சி.ஜி.யான வி.பி.எம்.1002 ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் உருவானது. அதன் உரிமத்தைப் புனேயின் சீரம் இன்ஸ்டிடியூட் பெற்றது. இதில் யூரியேஸ் மரபணுவை நீக்கி, லிஸ்டீரியா பாக்டீரியாவின் மரபணு ஒன்றைச் சேர்த்துள்ளனர். அம்மரபணு தரும் புரதம், பாக்டீரியாவை விழுங்கிய செல்லுக்குள் அதை அடைத்திருக்கும் உறையைத் துளைக்கிறது. நோயெதிர்ப்பு விரைவாகத் தூண்டப்படுகிறது. வழக்கமான பி.சி.ஜி.க்குப் பின்னும் நோய் திரும்பியவர்களிடம் சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் இது சோதிக்கப்பட்டது. 60 வாரங்களுக்குப் பின் ஏறத்தாழப் பாதிப்பேருக்குச் சிறுநீர்ப்பையில் நோய் மீளவில்லை.

வரம்புகள்

எலிகளில் கிடைக்கும் பலன் மனிதரிடம் அப்படியே கிடைப்பதில்லை. வலுக்குறைத்த சால்மோனெல்லாவை 25 நோயாளிகளுக்கு இரத்தநாளம் வழியாகச் செலுத்திய ஆய்வு 2002இல் வெளியானது: மூவரின் கட்டியில் மட்டுமே பாக்டீரியா தங்கியது, எவருடைய கட்டியும் சுருங்கவில்லை. அளவு கூட்டினால் இரத்தத்தில் நச்சுத்தன்மை பரவும் ஆபத்து உண்டு. ஆகவே, குறித்த எண்ணிக்கைக்குப் பெருகியதும் தானே வெடித்து மருந்தை வெளியிடும் ஈ.கோலையைக் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் வடிவமைத்து, 2019இல் எலிகளில் அதன் பலனைக் காட்டினர். சிறுநீர்ப்பையில் மருந்தை நேரடியாகக் கட்டியிருந்த இடத்தில் சேர்க்க முடிவதே பி.சி.ஜி.யின் வெற்றிக்கு ஒரு முக்கியக் காரணம். உடலின் ஆழத்தில் உள்ள கட்டிகளுக்கு அந்த வசதி இல்லை.