எழுத்தைக் கொடுத்தவர்

1938 மே 31. லண்டன் அலெக்சாண்ட்ரா மாளிகையில் இருந்த பி.பி.சி. தொலைக்காட்சிக் கூடத்தில், கமராவுக்கு முன்னால் சிலர் தயாராக நின்றார்கள். ஃபிரெடி கிரிஸ்வுட் என்ற அறிவிப்பாளர் ஒரு சொல்லைச் சொன்னார். போட்டியாளர் அதை எழுத்துக் கூட்டிச் சொல்ல வேண்டும். 'ஸ்பெல்லிங் பீ' என்ற அந்த எளிய விளையாட்டுத்தான் உலகத் தொலைக்காட்சியில் வந்த முதல் போட்டி நிகழ்ச்சி என்கிறார்கள். அன்று லண்டனைச் சுற்றியிருந்த சில ஆயிரம் வீடுகளில்தான் பெட்டியே இருந்தது. அந்த வீடுகளிலும் பதினைந்து மாதங்களில் திரை இருண்டது. 1939 செப்டம்பர் 1ஆம் திகதி பி.பி.சி. தொலைக்காட்சியை நிறுத்தியது. போர் வந்துவிட்டது. எழுத்து விளையாட்டு அத்தோடு முடிந்தது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள்.

அந்தப் போரே கண்டிக்கு வந்து சேர்ந்தது. 1944இல் நேச நாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டன் தென்கிழக்கு ஆசியப் படைத் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்கு மாற்றினார். வெளிநாட்டுக் காடுகளில் கிடந்த சிப்பாய்களுக்குப் பாட்டும் செய்தியும் அனுப்ப, கொழும்பில் 'ரேடியோ சீயாக்' தொடங்கியது. அதற்காக ஏக்கலையில் 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி ஒன்று எழுந்தது. ஆசியா முழுவதும் எட்டும் வலு அதற்கு. ஆனால் அது முழு வலுவில் ஒலிக்கத் தொடங்கியபோது ஜப்பான் சரணடைந்துவிட்டிருந்தது. கேட்க வேண்டிய சிப்பாய்கள் மூட்டை முடிச்சோடு ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு பெரிய இயந்திரத்தை வைத்துக்கொண்டு ஒரு சின்னத் தீவு என்ன செய்யும்?

1949இல் அது இலங்கை அரசின் கைக்கு வந்தது. நிலையத்துக்கு ரேடியோ சிலோன் என்று பெயர். அடுத்த ஆண்டு, 1950 செப்டம்பர் 30ஆம் திகதி, விளம்பரம் வாங்கி ஒலிபரப்பும் வர்த்தக சேவை பிறந்தது. கிளிஃபர்ட் டாட் என்ற ஆஸ்திரேலியரும் லிவி விஜேமான்னவும் அதை வளர்த்தார்கள். கருவி இருந்தது, துணிவு இருந்தது, கடல் கடந்த நேயர்கள்தான் வேண்டியிருந்தார்கள். அவர்களை அனுப்பி வைத்தவர் டில்லியில் இருந்த ஒரு மந்திரி.

பி.வி. கேஸ்கர் 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு மந்திரியானார். கர்நாடக சங்கீதமும் இந்துஸ்தானி சங்கீதமும் ஒலிக்க வேண்டிய இடத்தில் சினிமாப் பாட்டு எதற்கு என்பது அவர் எண்ணம். அகில இந்திய வானொலியிலிருந்து திரைப்பாடல்கள் வெளியேறின. பாட்டுப் பசியோடு இருந்த ஒரு தேசமே ரேடியோவின் முள்ளைத் திருப்பிக் கொழும்பில் கொண்டுபோய் நிறுத்தியது. நல்ல சங்கீதத்தின் மீது கேஸ்கருக்கு இருந்த பற்றை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் இலங்கை வானொலிக்கு அவர் செய்த உபகாரத்தை வேறு யாரும் செய்யவில்லை.

அதே 1952 டிசம்பரில், இருபது வயதைத் தொடவிருந்த அமீன் சயானி என்ற பம்பாய் இளைஞரிடம் ஒரு வேலை வந்தது. வாரம் இருபத்தைந்து ரூபாய் சம்பளம். பம்பாயில் பதிவாகும் நாடா கொழும்புக்குப் பறந்து போய் அங்கிருந்து ஒலிக்கும். பற்பசைக் கம்பனி ஒன்றின் ஆதரவில் வந்த அந்த 'பினாக்கா கீத்மாலா' பின்னாளில் பாட்டு வரிசை நிகழ்ச்சியாகப் புகழ்பெற்றது. பிறந்தபோதோ அது ஒரு போட்டி. ஏழு பாட்டுகளைக் கலைத்துப் போடுவார்கள், நேயர்கள் சரியாக வரிசைப்படுத்த வேண்டும், பரிசு நூறு ரூபாய். முதல் நிகழ்ச்சிக்கே ஒன்பதாயிரம் கடிதங்கள். பிறகு வாரத்துக்கு அறுபத்தையாயிரம் வரை வந்து குவிந்தன. பிரித்துப் படிக்க ஆள் போதவில்லை. போட்டியையே கைவிட வேண்டியதாயிற்று. அளவுக்கு மீறிய வெற்றியால் ஒரு போட்டி இறந்துபோனது. பாட்டையும் போட்டியையும் சேர்த்தால் என்ன ஆகும் என்பது மட்டும் கொழும்பில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

தமிழ்ப் பக்கத்தில் எஸ்.பி. மயில்வாகனத்தின் குரல் பாக்கு நீரிணையைத் தாண்டியது. அவருக்குப் பின்னால் ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ். ராஜா என்று ஒரு படையே வந்தது. மதுரையிலும் திருச்சியிலும் தேநீர்க் கடைகள் அவர்களைக் கேட்டுத்தான் விடிந்தன. ஆனால் அந்தக் குரல்கள் மிக ஆழமாக இறங்கிய இடம் எங்கள் மலைநாடுதான்.

வலப்பனை, ராகலை, உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு லயத்துக்கு ஒரு ரேடியோ இருந்தாலே பெரிது. மின்சாரம் துரை பங்களாவோடும் பெக்டரியோடும் நின்றுவிட்ட காலம் அது. பற்றரி இறங்கினால் எடுத்து இஸ்தோப்பில் வெயிலில் காயப்போடுவார்கள். ஒரு மாலைப் பொழுதுக்காவது மீண்டும் உயிர் வரும். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் ரொட்டி தட்டிக்கொண்டே கேட்பார்கள். யாருக்காகப் பாட்டு விரும்பிக் கேட்கப்பட்டது என்று பெயர்கள் வாசிக்கப்படும்போது சத்தம் அடங்கும். அந்தப் பெயர்களில் இனித் திரும்பி வராதவர்களும் இருந்தார்கள்.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியிருந்தது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்குப் போக வேண்டும் என்று முடிவாயிற்று. தலைமன்னாரில் 'இராமானுஜம்' கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கியவர்களில் பலர் நீலகிரியில், கோத்தகிரியிலும் கூடலூரிலும், மீண்டும் தேயிலைக்கே போனார்கள். அண்ணன் ராகலையில், தம்பி கூடலூரில். இருவரும் ஒரே மாலையில் ஒரே அறிவிப்பாளரைக் கேட்டார்கள். அந்த அறிவிப்பாளர் வரிசையில் ஓர் இளைஞர் நின்றிருந்தார். மேடை நாடகமும் வானொலி நாடகமும் பழகிய, சொல்லுக்குச் சொல் சுத்தமாக உச்சரிக்கும் குரல். 1976இல் வந்த 'கோமாளிகள்' படத்தில் நடித்தவர்களில் அவரும் ஒருவர். அவர் கையில் ஒரு பழைய விளையாட்டு புதுப் பிறவி எடுத்தது.

ஒருவர் பாடி முடிக்கும் எழுத்தில் அடுத்தவர் தொடங்குவது வடக்கே அந்தாக்ஷரி. தமிழில் அதை அப்படியே விளையாடினால் இரண்டாவது பாட்டிலேயே முட்டிக்கொள்ளும். நம் வரிகள் 'ள்' என்றும் 'ன்' என்றும் முடியும். 'ள'வில், 'ழ'வில், 'ண'வில் தொடங்க நம்மிடம் சொல்லே கிடையாது. அபிராமி பட்டர் போன்ற அந்தாதிக் கவிகள் முழுச் சொல்லையே பிடித்துக்கொண்டு அடுத்த பாட்டுக்குத் தாவினார்கள். விளையாட்டில் அதற்கு நேரம் ஏது? தீர்வு எளிது. நடத்துபவரே எழுத்தைக் கொடுத்துவிடுவார், கொடுத்த எழுத்தில் போட்டியாளர் பாட வேண்டும். இதனால் நடத்துபவர் வெறும் அறிவிப்பாளராக இல்லாமல் ஆட்டத்தின் நடுவரானார். எந்த எழுத்தை யாருக்கு எப்போது கொடுப்பது என்பதில்தான் நாடகமே இருந்தது. வானொலியில் பிறந்த அந்தப் 'பாட்டுக்குப் பாட்டு' மேடைகளுக்கும் போனது, மண்டபங்கள் நிறைந்தன. அதற்குள் காலம் மாறத் தொடங்கியது.

1982 பெப்ரவரி 15ஆம் திகதி, ஜப்பானின் உதவியோடு இலங்கையின் ரூபவாஹினித் தொலைக்காட்சி தொடங்கியது. அதன் பிரதான ஒளிபரப்பி நின்ற இடம் பிதுருதலாகலை, 2,524 மீட்டர் உயரத்தில், வலப்பனை இருக்கும் அதே நுவரெலியா மாவட்டத்தில். அங்கிருந்து போன அலை கடலைத் தாண்டித் தூத்துக்குடி, திருநெல்வேலி மொட்டை மாடிகளில் எட்டியது. உயரக் கம்பங்களில் ஆன்டெனா கட்டி ரூபவாஹினி பார்த்தவர்கள் அந்தப் பக்கங்களில் இன்றும் இருக்கிறார்கள். மலையடிவாரத்து லயங்களில் இருந்தவர்களுக்கோ மின்சாரம் இல்லை. டவுனில் சார்ஜ் ஏற்றிய கார் பற்றரியைத் தோளில் சுமந்து வந்து, தமிழுக்கு ஒதுக்கிய கொஞ்ச நேரத்துக்காகக் காத்திருந்தார்கள். அடுத்த ஆண்டு ஜூலையில் தமிழருக்கு எதிரான வன்முறை மலையகத்தையும் சுட்டது. பாட்டுப் போட்டியைப் பற்றி நினைக்கும் மனநிலை அன்று யாருக்கும் இல்லை.

1993 ஏப்ரல் 14ஆம் திகதி சென்னையில் சன் டிவி தொடங்கியது. வடக்கே ஜீ டிவி அதே ஆண்டில் அந்தாக்ஷரியைத் திரைக்குக் கொண்டுபோய்ப் பெரும் வெற்றி பெற்றது. தமிழில் அப்படி ஒன்றை நடத்த யாரைக் கூப்பிடுவது? ஆளும் ஆட்டமும் ஏற்கனவே தயாராக இருந்தன, கடலுக்கு இந்தப் பக்கம். நகைக்கடை ஒன்றின் ஆதரவில் சன் டிவியில் வந்த 'லலிதாவின் பாட்டுக்குப் பாட்டு' அதுதான். நடத்தியவர் அந்த வானொலி இளைஞரேதான், பி.எச். அப்துல் ஹமீத். வானொலியில் குரலாக மட்டும் இருந்தவருக்குத் தமிழ்நாட்டில் முகம் கிடைத்தது அப்போதுதான். புதிதாகப் பார்த்த பிள்ளைகள் அதைச் சென்னையில் பிறந்த நிகழ்ச்சி என்றே எண்ணினார்கள். கொழும்பில் பிறந்தது, சென்னைக்குப் போய், செய்மதி வழியாக டிஷ் ஆன்டெனாவில் ராகலைக்குத் திரும்பி வந்தது. பெட்டியில் அவர் வாய் திறந்ததும் எங்கள் பாட்டிமார், முகத்தைப் பார்க்காமலே, நம்ம ஹமீத் என்றார்கள்.

2000இல் கோடி ரூபாய்க் கேள்விகள் வந்தன. லண்டனில் 1998இல் பிறந்த வடிவம் அமிதாப் பச்சனோடு இந்திக்கும், சரத்குமாரோடு சன் டிவியின் 'கோடீஸ்வர'னுக்கும் வந்தது. நானும் விடாமல் பார்த்தேன், இன்றும் பார்க்கிறேன். ஆனாலும் பாட்டுக்குப் பாட்டை அதற்கு மேலேதான் வைப்பேன். கோடிக் கேள்விக்குப் பாடப்புத்தகமும் பத்திரிகையும் வேண்டும். எட்டாம் வகுப்போடு மலைக்குப் பேர் பதிந்த பெண்ணுக்கு அவை எட்டவில்லை. பாட்டோ அவளிடம் நிறைய இருந்தது. நிரை பிடித்துக் கொழுந்து எடுக்கும்போது ஒருத்தி எழுத்தைக் கொடுப்பாள், மேல் நிரையில் இருப்பவள் பாடுவாள். குறில் கேட்டால் நெடிலில் பாட விடமாட்டார்கள். கங்காணி அதட்டினால் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஆட்டம் தொடரும். மடக்க நினைப்பவள் 'ஞ' கொடுப்பாள். அதற்கென்றே இரண்டு பாட்டை இடுப்பில் முடிந்துவைத்திருந்த அக்காமார் இருந்தார்கள்.