"சூட்டு வலிதான்" என்று விட்டுவிடலாமா? குறைமாதப் பிரசவமும் ஹார்மோன்களும்

ஏழாம், எட்டாம் மாதத்தில் வயிறு இழுத்துப் பிடித்தால் நம்ம வீடுகளில் முதலில் கேட்பது, "சூட்டு வலியா இருக்கும், சீரகத் தண்ணி குடிச்சிட்டுப் படும்மா." பல நேரம் அது சரிதான். சரியாக இல்லாத நேரம், பிரிஞ்சாங் தேயிலைத் தோட்டங்கள் மாதிரி மலைமேல் இருப்பவர்களுக்குக் கூடுதல் சிக்கல்.

கர்ப்பகாலத்தில் கருப்பையை அமைதியாக வைத்திருப்பது புரோஜெஸ்டிரோன். ஆரம்பத்தில் சூலகம் சுரக்கும் இந்த ஹார்மோனை, சுமார் 8 முதல் 10 வாரங்களில் நஞ்சுக்கொடி சுரக்கத் தொடங்கிவிடும்.

ஆடு ஈனும் நேரத்தில் அதன் இரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் மளமளவென இறங்கும். மனிதர்களுக்கு அப்படி இறங்குவதில்லை. கருப்பைத் தசைதான் அதன் பேச்சைக் கேட்பதை நிறுத்துகிறது. ஈஸ்ட்ரோஜனின் கை ஓங்கும். தசையில் ஆக்ஸிடாசினை உணரும் ஏற்பிகள் பெருகும். புரோஸ்டாகிளாண்டின் கருப்பை வாயை இளக்கும். வலி வருகிறது.

இது 37 வாரத்துக்கு முன்பே நடந்தால் குறைமாதப் பிரசவம். 2020இல் உலகம் முழுக்க சுமார் 1.34 கோடி குழந்தைகள் இப்படிப் பிறந்தன என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஏன் முந்துகிறது? நஞ்சுக்கொடி சுரக்கும் சிஆர்எச் என்ற ஹார்மோன் ஒரு கடிகாரம் போல வேலை செய்வதாக 1995இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். குறைமாதத்தில் பெற்றவர்களுக்கு அது சீக்கிரமே உயர்ந்திருந்தது. ஆனால் எல்லாப் பழியையும் கடிகாரத்தின் மேல் போட முடியாது. சிறுநீர்த் தொற்று, பிறப்புறுப்புத் தொற்று, இரட்டைக் குழந்தை, முன்பு குறைமாதத்தில் பெற்றது எல்லாமே காரணமாகலாம். தொற்றால் வரும் அழற்சி, புரோஸ்டாகிளாண்டினை நேரடியாகவே தூண்டிவிடும். அதனால் சிறுநீர் எரிச்சலைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நியூசிலாந்தில் லிகின்ஸ், ஹோவி என்ற இரு மருத்துவர்கள் 1972இல் காட்டிய வழி இன்றும் கைகொடுக்கிறது: தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால், வயிற்றிலுள்ள குழந்தையின் நுரையீரல் வேகமாக முதிரும். ஆனால் ஊசி முழுப் பலன் தர சுமார் ஒரு நாள் வேண்டும்.

பிரிஞ்சாங்கிலிருந்து தானா ராத்தா மருத்துவமனை பக்கம்தான். ஆனால் மிகச் சின்னக் குழந்தைக்குத் தீவிர சிகிச்சை தேவைப்பட்டால் ஈப்போ போன்ற ஊருக்கு மலை இறங்க வேண்டிவரலாம். பள்ளி விடுமுறையில் அந்தச் சாலை எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். குழந்தை வயிற்றில் இருக்கும்போதே இறங்குவதுதான் பாதுகாப்பு.

சூட்டு வலி, படுத்தால் அல்லது தண்ணீர் குடித்தால் பெரும்பாலும் அடங்கும். 10 நிமிடத்துக்கு ஒருமுறை என ஒழுங்காக வந்தாலோ, இடுப்பு விடாமல் வலித்தாலோ, நீர் கசிந்தாலோ, இரத்தம் பட்டாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், 999 அழையுங்கள். போகும்போது கர்ப்பகால பிங்க் புக்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை வாரம் என்பதைப் பார்த்துத்தான் ஊசி பற்றி டாக்டர் முடிவெடுப்பார்.