பழைய குழாயைக் கழற்றுமுன்

சமையலறையில் ஒழுகும் குழாய்க்கு மாற்றாகப் புதியதொன்றை வாங்கி வருவது எளிது. பழையதைக் கழற்றுவதே வேலை. மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் வால்வை முதலில் மூட வேண்டும். குழாயைத் திறந்து, தேங்கிய நீரை வடிக்க வேண்டும். துருவேறி இறுகியதை, சுவருக்குள் இருக்கும் இரும்புக் குழாய் முறியாதபடி பொறுமையாகத் திருக வேண்டும். கழன்ற பின்னும் வேலை முடிவதில்லை. மரையில் ஒட்டிக் கிடக்கும் பழைய சணல் நாரைச் சுரண்டி எடுக்க வேண்டும். எடுக்காமல் மாட்டினால், புதிய குழாயும் கசியும்.

மதுரைச் சமவெளியின் தண்ணீர் வரலாற்றைப் புரட்டுகையில் நமக்கு இவ்வேலைதான் நினைவுக்கு வருகிறது. மேற்கே ஓடிய நீரை, 1895-இல் திறக்கப்பட்ட பெரியாற்று அணை வைகைப் பக்கம் திருப்பியது. 1959-இல் வைகை அணை எழுந்தது. ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டியும், கிணற்றில் இறைத்தும் வந்த மக்களுக்கு அடுப்படிக்கே நீர் வந்தது. கிணற்றடியில் சாதி நின்றது. தாழ்த்தப்பட்டோர் கயிற்றைத் தொடலாகாது. பிறர் ஊற்றக் கையேந்தி நிற்க வேண்டும். 1938-இல் எம்.சி. இராஜா கொண்டுவந்த மசோதா சென்னை மாகாணச் சட்டமாகி, பொதுக் கிணறுகளை அனைவருக்கும் உரியவையாக்கியது. 1950-இல் அரசியலமைப்பும் அதனை உறுதி செய்தது. இனிக் குழாய் வந்தால் தீட்டும் போய்விடும் என்று நம்பினோம். ஆனால் 2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியிலேயே மனிதக் கழிவு கலக்கப்பட்டிருந்தது. தொட்டி புதிது, உள்ளத்தின் மரையில் ஒட்டியிருந்த நார் பழையது.

பிறரைச் சுட்டுமுன் நம் திருச்சபையின் வரலாற்றையும் நோக்குவோம். 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி, மக்களை அணுகும் வழியாகத் துறவிக் கோலம் பூண்டார். பிராமணர் சமைத்ததையே உண்டார். தாழ்த்தப்பட்டோரிடையே பணிபுரிய 1640 முதல் பண்டாரசுவாமிகள் என்னும் வேறொரு குருக்கள் பிரிவு தோன்றியது. அவர்களது தியாகத்தை நாம் மறவோம். எனினும் நற்செய்தி என்னும் புதிய நீர், சாதி என்னும் பழைய மரையிலேயே பொருத்தப்பட்டது. அதன் கசிவைத் தனி இருக்கைகளிலும் தனிக் கல்லறைகளிலும் பின்னர்க் கண்டோம். கழற்றும் பணியும் நடவாமலில்லை. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில், ஆலயத்திற்குள் மக்களைப் பிரித்து நின்ற சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது. எதிர்த்தோர் நீதிமன்றம் வரை சென்றனர். துருவேறியது எளிதில் கழல்வதில்லை.

யாக்கோபின் கிணற்றருகே ஆண்டவர் சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டதை நாம் அடிக்கடி தியானிக்கிறோம். வாழ்வு தரும் நீரைப் பற்றி அவர் பேசியது பிறகுதான். யூதர் தீண்டாத ஒருத்தியின் குடத்திலிருந்து குடிக்க ஆயத்தமானதே அவரது முதற் செயல். தாம் தரவிருந்த புதியதற்கு முன், பழைய தடையை அவர் கழற்றிவிட்டார்.

நம் சமையலறைக்குள் சென்று பார்ப்போம். அலமாரியின் ஓரத்தில், பாத்திரம் துலக்க வரும் அம்மாவுக்கென்று தனியாக ஒரு டம்ளர் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறதா? புதுக் குழாயை வாங்கக் கடைக்குப் போகுமுன், அதை எடுத்து மற்ற டம்ளர்களோடு சேர்த்து வைப்போம்.