1814: கண்டியில் அறுக்கப்பட்ட மூக்கும் காதும்

கண்டி இராச்சியத்தின் இறுதி முழு ஆண்டான 1814 இல், ஆங்கிலேயர் வசமிருந்த கரையோரத்திலிருந்து வணிகத்துக்காக மலைநாட்டுக்குள் சென்ற பத்துப் பேர் ஒற்றர்கள் என்ற ஐயத்தில் பிடிக்கப்பட்டு மூக்கு, காது, கை ஆகியவை அறுக்கப்பட்டனர் என்றும், எழுவர் அங்கேயே இறக்க, எஞ்சிய மூவர் வெட்டுண்ட உறுப்புகள் கழுத்தில் தொங்கக் கொழும்பை அடைந்தனர் என்றும் அக்கால ஆங்கிலேயப் பதிவுகள் கூறுகின்றன. ஆளுநர் பிரவுன்றிக் அடுத்த ஆண்டு தொடங்கிய படையெடுப்புக்கு இதுவும் ஒரு காரணமாகக் காட்டப்பட்டது. எழுதியவர்கள் போரை விரும்பிய தரப்பினர் என்பதால் கண்டி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கனின் கொடுமை பற்றிய வருணனைகளை எச்சரிக்கையோடே படிக்க வேண்டும். ஆயினும் அவயவங்களை வெட்டுவது கண்டியில் வழங்கிவந்த தண்டனைதான்.

இத்தண்டனை மூக்கையும் காதையும் தேர்ந்ததற்கு அவமானமே நோக்கம் என்றாலும், அந்த அவமானத்தை நிலையாக்கியது உடலின் அமைப்பு. மூக்கின் மேற்பகுதி மட்டுமே எலும்பு; கீழே நுனியும் நாசிச் சிறகுகளும் நடுச்சுவரின் முன்பாகமும், இலங்கைப் பாடநூல்கள் கசியிழையம் என்றும் தமிழக நூல்கள் குருத்தெலும்பு என்றும் குறிக்கும் இழையத்தால் ஆனவை. மூக்கில் இருப்பது பளிங்குக் கசியிழையம் என்ற வகை. மூட்டுகளில் எலும்பு முனைகளை மூடி வழுவழுப்பாக்குவதும், விலா எலும்புகளை மார்பெலும்போடு இணைப்பதும், மூச்சுக்குழாய் நசுங்காமல் வளையமாக நின்று தாங்குவதும் இதுவே. காதுமடலில் உள்ளதோ மீள்தன்மை கொண்ட நார்கள் செறிந்த இன்னொரு வகை. மடக்கி விட்டாலும் காது பழைய வடிவுக்கு நிமிர்வது அதனால்தான். தோடு அணியும் காதுச்சோணையில் இது அறவே இல்லை, தோலும் கொழுப்புமே உள்ளன. சோணையில் குத்திய துளை விரைவில் ஆற, மேல்மடலில் குத்தியது நெடுநாள் புண்ணாக இருப்பதும் இதன் விளைவே. கசியிழையத்துக்குள் இரத்தக் குழாய்கள் கிடையா. சுற்றியுள்ள மெல்லிய உறையிலிருந்து ஊறிவரும் சத்தைக் கொண்டே அதன் உயிரணுக்கள் வாழ்கின்றன. ஆகவே தோல் மூடி ஆறினாலும் அறுபட்ட மூக்கு மீண்டும் வளர்வதில்லை.

மூன்றாவது வகையான நார்க்கசியிழையம் கத்திக்கு எட்டாத ஆழத்தில், முள்ளெலும்புகளுக்கு இடையிலும் முழங்காலுக்குள்ளும் அமைந்து சுமையைத் தாங்குகிறது. வண்டிப்பாதை போடப்படாத அந்நாளில் கண்டிக்கும் கொழும்புக்கும் இடையே மலையேறி இறங்கிய ஒவ்வொருவரின் பாரமும் அதன் மேல்தான் விழுந்தது.

எலும்பிலிருந்து இவ்விழையத்தை வேறுபடுத்திக் காணும் அறிவு பழமையானது. பண்டைய இந்திய மருத்துவ நூலான சுசுருத சங்கிதை எலும்புகளை ஐந்தாகப் பிரித்து, மூக்கு, காது, கழுத்து, கண்குழி ஆகியவற்றில் உள்ளவற்றைத் தருணாஸ்தி, அதாவது இளைய எலும்பு, என்கிறது. அறுபட்ட மூக்கின் அளவுக்கு இலையொன்றை நறுக்கி, அதை வைத்துக் கன்னத்துத் தோலை அளந்தெடுத்து ஒட்டும் முறையைச் சொல்லும் அந்நூல், புதிய நாசியில் இரு குழல்களைச் செருகுமாறும் விதிக்கிறது. இழந்த தாங்கலுக்குச் சிறிது காலமேனும் அக்குழல்கள் ஈடு செய்தன எனக் கொள்ளலாம்.

இம்மரபின் தொடர்ச்சியாக, திப்பு சுல்தானுடன் நடந்த போரில் பிடிபட்டு மூக்கும் கையும் இழந்த கவாஸ்ஜி என்ற மாட்டுவண்டிக்காரருக்குப் புனேயில் நெற்றித்தோலால் மூக்கு அமைக்கப்பட்ட செய்தி 1794 இல் இலண்டன் இதழொன்றில் படத்துடன் வெளிவந்தது. அதைப் பின்பற்றி ஜோசப் கார்பியூ என்ற அறுவை மருத்துவர் இலண்டனில் தம் முதல் மூக்கு அறுவையைச் செய்த நாள் 1814 அக்டோபர் 23; வணிகர்கள் கண்டியில் மூக்கிழந்ததும் அதே ஆண்டில்தான். ஆயினும் நெற்றித்தோலில் கசியிழையம் இல்லாததால், தாங்கலின்றி அமைத்த மூக்குகள் நாளடைவில் சுருங்குவதுண்டு. விலாவிலிருந்து கசியிழையத்தைச் செதுக்கி உள்ளே வைக்கும் வழக்கம் பிற்காலத்தில்தான் நிலைபெற்றது.

பிரவுன்றிக்கின் படையெடுப்பை அடுத்து, 1815 மார்ச் 2 அன்று கண்டி அரண்மனையின் மகுல் மடுவ மண்டபத்தில் கைச்சாத்தான ஒப்பந்தத்தின் 6ஆம் பிரிவு, எல்லா வகைச் சித்திரவதையையும் அவயவச் சிதைப்பையும் ஒழித்தது. மரண தண்டனையை அது ஒழிக்கவில்லை. 7ஆம் பிரிவு அதற்கு ஆளுநரின் ஆணை வேண்டும் என்று மட்டுமே விதித்தது. மூன்றாண்டுகளில் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்த ஊவா கிளர்ச்சியின் தலைவர் கெப்பெட்டிபொல 1818 நவம்பரில் கண்டியில் தலை துண்டிக்கப்பட்டார். படை மருத்துவர் ஹென்றி மார்ஷல் அவரது மண்டையோட்டை எடின்பரோவிலிருந்த கபால ஆய்வுக் கழகத்துக்குக் கொடுத்தார். கசியிழையம் மட்கிவிடுவதால் மண்டையோட்டில் மூக்கும் காதும் எஞ்சுவதில்லை. ஒப்பந்தம் காப்பதாகச் சொன்ன உறுப்புகள் இல்லாமலே கெப்பெட்டிபொலவின் எலும்பு கடல் கடந்து, நூற்றாண்டுக்கு மேல் அந்நிய நாட்டில் இருந்து, சுதந்திரத்துக்குப் பின் திரும்பி வந்து, 1954 இல் தலதா மாளிகைக்கு எதிரேயுள்ள நினைவுச்சின்னத்தில் அடக்கமானது.