திருப்பத்தூர் மலையூர்கள்: நிலமும் வழியும்

திருப்பத்தூர் நகருக்குக் கிழக்கே ஜவ்வாது மலையும் வடக்கே ஏலகிரி மலையும் அமைந்துள்ளன. இரண்டும் கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தவை. ஜவ்வாது மலை இன்று திருப்பத்தூர், வேலூர், திருவண்ணாமலை ஆகிய மூன்று மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. திருப்பத்தூர் மாவட்டப் பகுதியில் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என மூன்று ஊராட்சிகள் உள்ளன. பல சிற்றூர்கள் சேர்ந்தது ஒரு நாடு என்னும் பழைய வழக்கு இப்பெயர்களில் இன்னும் இருக்கிறது. இங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தாரோடு குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. மலையில் வாழ்வோர் என்பதே இங்குப் பொருள், தாய்மொழி தமிழ், கவுண்டர் என்பது இவர்களது பட்டம்.

குடியேற்றக் கதை

இம்மலைகளில் மனிதர் வாழ்ந்த வரலாறு மிகப் பழையது. வழவழப்பாகத் தீட்டப்பட்ட புதிய கற்காலக் கோடரிகள் ஜவ்வாது மலையில் கிடைத்துள்ளன. சில ஊர்களில் அவற்றை மரத்தடியில் வைத்துப் பிள்ளையாராக வழிபடுகின்றனர்.

மலையாளிகளோ தங்களைப் பிற்காலத்தில் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்வர். 1909-இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுதிகளில் ஜவ்வாது மலைக்குரிய கதை ஒன்று பதிவாகியுள்ளது. கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டு மறுக்கப்பட்டதால் ஏழு பெண்களைக் கவர்ந்து சென்றனர். அவர்களை மீட்க ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு புறப்பட்டனர். நாய்கள் மட்டும் திரும்பினால் தங்களை இறந்தவர்களாகக் கருதிச் சடங்கு செய்துவிடும்படி மனைவியரிடம் சொல்லிச் சென்றனர். பாலாற்றில் வெள்ளம். ஆண்கள் கடந்துவிட்டனர், நாய்கள் பாதியில் திரும்பி ஊர் சேர்ந்தன. பகை முடித்து வீடு வந்தவர்களுக்கு ஈமச்சடங்கு முடிந்திருந்தது. உயிரோடு இருந்தும் ஊரில் இடமில்லாமல் போன அவர்கள் வேடர் பெண்களை மணந்து மலையேறி உழவைத் தொடங்கினர் என்பது கதை. இதற்கு 1132 என்று ஆண்டும் குறிக்கப்பட்டுள்ளது. அதை வரலாற்று ஆண்டாகக் கொள்ள முடியாது. ஆயினும் ஒரு சமூகம் தன் தோற்றத்தை ஆறு குறுக்கிட்ட பயணத்தில் வைத்துச் சொல்வது கவனிக்கத்தக்கது.

ஏரும் கொத்தும்

மலையில் நிலம் இருவகை. பள்ளத்தாக்கிலும் சரிவு குறைந்த இடத்திலும் மாடு பூட்டி உழலாம். செங்குத்தான சரிவில் ஏர் ஏறாது. புதரை வெட்டி எரித்து, கொத்தால் மண்ணைக் கிளறிச் சாமையும் கேழ்வரகும் விதைப்பர். சில ஆண்டுகளில் மண் சத்துக் குறைந்ததும் அதைக் காடாக விட்டு வேறு சரிவுக்குப் போவர். சும்மா கிடக்கும் அந்தச் சரிவும் யாருடையது என்பது ஊருக்குத் தெரியும். தகராறு வந்தால் ஊர்க்கவுண்டரும் நாட்டாரும் கூடித் தீர்ப்பர். எழுத்து எதுவும் இல்லை.

இங்கே ஒரு வரலாற்று முரண் உண்டு. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அதன் நிர்வாகத்தை ஏற்ற அலெக்சாண்டர் ரீட் திருப்பத்தூரில் தங்கியே வயல்களை அளக்கச் செய்தார். அவருக்குக் கீழ் பணிபுரிந்த தாமஸ் மன்றோ பின்னாளில் சென்னை மாகாண ஆளுநரானார். உழுபவர் பெயரிலேயே நிலத்தைப் பதிந்து அவரிடமே வரி வாங்கும் ரயத்துவாரி முறை இவர்கள் கையில் உருவானது. பட்டா என்னும் காகிதம் இன்று தமிழ்நாட்டு உழவர் வாழ்வில் பெற்றுள்ள இடத்துக்கு இதுவே தொடக்கம். அது பிறந்த ஊரிலிருந்து அண்ணாந்து பார்த்தால் மலை தெரியும். ஆனால் மலைச்சரிவு அந்தக் கணக்குக்குள் எளிதில் அடங்கவில்லை. இடம் மாறிக்கொண்டே இருக்கும் கொல்லையை எந்த எண்ணில் பதிவது? எனவே அக்காலச் சேலம் மாவட்ட மலைகளில் ஏருக்கு இவ்வளவு, கொத்துக்கு இவ்வளவு என வரி வாங்கும் வழக்கம் இருந்தது. திருப்பத்தூர் வட்டம் 1911 வரை அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. ஏர்வரி கட்டியவருக்கு ஏர் சொந்தம் என்பது உறுதி. நிலம் சொந்தமா என்பதை அந்த வரி சொல்லவில்லை.

காட்டின் எல்லைக்கல்

1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் இதற்கு விடை சொன்னது. காப்புக்காடு அறிவிக்கப்படும்போது, உரிமை கோருவோர் குறித்த காலத்துக்குள் அதற்கென நியமிக்கப்பட்ட அலுவலரிடம் மனுச் செய்ய வேண்டும். செய்யாதவரின் உரிமை அற்றுப்போகும். எழுத்தறியாத, தாலுகா அலுவலகத்துக்கே ஒரு நாள் நடக்க வேண்டிய மக்களுக்கு இது எப்படி முடிந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். காலங்காலமாகச் சுழன்று வந்த கொத்துக் கொல்லைகளில் பல எல்லைக்கல்லுக்கு அப்பால் போயின. சந்தனம் தனிக்கதை. சொந்தப் பட்டா நிலத்தில் தானாக முளைத்த சந்தன மரத்தையும் நிலக்காரர் தம் விருப்பப்படி வெட்ட முடியாது. திருப்பத்தூரின் அரசு சந்தனக் கிடங்கு புகழ்பெற்றது; மரத்தைத் தந்த மலையோ ஏழ்மையில் இருந்தது.

கீழ்நாட்டோடு தொடர்பு சந்தை வழியே நடந்தது. தேன், புளி, பலா, கடுக்காய் தலைச்சுமையாக இறங்கின. உப்பும் துணியும் ஏறின. வாணியம்பாடி, ஆம்பூர் தோல் பதனிடும் தொட்டிகளுக்கு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் தேவைப்பட்டன. உலகச் சந்தைக்குப் போன தோலில் காட்டின் துவர்ப்பும் சேர்ந்திருந்தது எனலாம்.

ஏலகிரியில் சாலை வந்தபோது

ஏலகிரி ஜமீன்தார் வசம் இருந்து, 1950-களில் அரசின் கைக்கு வந்தது என்பர். பின்னர் பொன்னேரியிலிருந்து 14 கொண்டைஊசி வளைவுகளுடன் சாலை அமைந்தது. சாலையோடு சுற்றுலாவும் விடுதிகளும் பண்ணை வீடுகளும் வந்தன; நிலத்தின் விலை ஏறியது. அத்தனாவூரைச் சுற்றி மலையாளிகளின் கொல்லைகள் பல வெளியார் கைக்கு மாறின. விற்றவர்களில் சிலர் அதே நிலத்தில் காவலாளாகவோ தோட்டக்காரராகவோ வேலை பார்க்கின்றனர். சாலை இல்லாத மலையில் நிலம் தங்கியது. ஆனால் ஆட்கள் தங்கவில்லை. ஜவ்வாது மலையிலிருந்து ஆண்கள் கட்டட வேலைக்கும் தோட்ட வேலைக்கும் வெளியூர் போகின்றனர். சிலர் தரகர் பேச்சில் செம்மரம் வெட்டப் போய்ச் சிக்கினர். 2015 ஏப்ரலில் சேஷாசலக் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டதில் இறந்த 20 தமிழகத் தொழிலாளர்களில் இம்மலைக்காரரும் இருந்தனர்.

வழி

வாணியம்பாடிக்கு அருகிலுள்ள நெக்னாமலைக்கு நெடுங்காலம் கால்தடமே வழி. நோயாளியையும் பிணத்தையும் டோலி கட்டித் தூக்கினர். தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரமும் அதே தடத்தில் ஏறியது. பொறுத்துப் பார்த்த ஊரார் தாங்களே கூடி மண் பாதை வெட்டினர். சாலை தாமதமானதற்குப் பணம் மட்டும் காரணமன்று. ஊருக்கும் சமவெளிக்கும் இடைப்பட்ட நிலம் காப்புக்காடு. 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி அதில் சாலை போட அனுமதி வேண்டும். கொல்லையைப் பறித்த அதே எல்லைக்கல்தான் சாலையையும் மறித்து நின்றது. 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை மருத்துவமனை சேரும் முன்பே இறந்தது. உடலை ஏற்றி வந்த ஆம்புலன்ஸ் சாலை இன்றிப் பாதியில் நின்றுவிட, தாய் பிள்ளையைச் சுமந்து மலையேறினார். பாதை இருக்கும் இடத்திலும் பயணம் பாதுகாப்பானதென்று சொல்ல முடியாது. 2022 ஏப்ரலில் புதூர்நாட்டுப் பகுதியிலிருந்து சேம்பரை கோயிலுக்குச் சென்ற வேன் கவிழ்ந்து 11 பேர் இறந்தனர்.

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் நிலம், வழி இரண்டையும் ஒன்றாகக் கையாள்கிறது. பழங்குடியினர் உழுதுவரும் காட்டுநிலத்துக்கு உரிமைப் பத்திரம் தரலாம். கிராமசபை பரிந்துரைத்தால் சாலை, பள்ளி, மருந்தகம் போன்றவற்றுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான காட்டுநிலத்தை ஒதுக்கலாம். தமிழ்நாட்டில் நீதிமன்ற உத்தரவால் பத்திரம் வழங்குவது 2008 முதல் தடைபட்டுக் கிடந்தது. 2016-இல் உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கிய பிறகே மலையூர்களில் மனு வாங்கும் வேலை வேகம் பெற்றது. இம்முறை மனுவைக் கிராமசபையிலேயே, சொந்த ஊரிலேயே கொடுக்கலாம்.