.32: குடிமக்களுக்கு எஞ்சிய அளவு

தற்காப்புக்கு ரிவால்வர் வாங்குபவர் எந்தத் துளையளவைத் தேர்வது? கைக்கு அடங்கும் எடை, சுடும்போது எழும் உதைப்பு, ஆடைக்குள் மறையும் பருமன் ஆகியவற்றை வைத்தே அமெரிக்கர் இதற்கு விடை தேடுவர். இந்தியாவில் அவ்விடையைப் பெருமளவு சட்டமே எழுதி வைத்திருக்கிறது.

1857இன் எழுச்சி ஆட்சியாளர் மனத்தில் விதைத்த அச்சம் 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமாக உருப்பெற்றது. விடுதலைக்குப் பின் 1959இல் புதிய சட்டம் வந்தது. 1962இல் விதிகள் வந்தன. அவ்விதிகள் .380, .455 விளிம்புத் தோட்டாக்களையும் படையினரின் 9 மி.மீ. தோட்டாவையும் சுடவல்ல கைத்துப்பாக்கிகளைத் தடைசெய்யப்பட்ட வகையில் சேர்த்தன. மத்திய அரசின் தனி அனுமதியின்றி அவற்றை வைத்திருக்க இயலாது. படையினரின் தோட்டா குடிமக்களின் துப்பாக்கியில் பொருந்தலாகாது என்பதே இங்கு அளவுகோல். தாக்கப்படுபவரின் தேவை அதில் இடம்பெறவில்லை. இவ்வாறு எஞ்சியவற்றுள் .32 இந்திய ரிவால்வரின் வழக்கமான அளவாயிற்று.

2012 தில்லிக் கொடுமைக்குப் பின், 2014இல் கான்பூர் படைக்கலத் தொழிற்சாலை பெண்களுக்கென ‘நிர்பீக்’ ரிவால்வரை வெளியிட்டது. டைட்டானியம் கலப்புலோகம், எடை ஏறத்தாழ 500 கிராம், விலை 1.22 லட்சம் ரூபாய். அளவு அதே .32. ‘நிர்பயா’, ‘நிர்பீக்’ ஆகிய இரு சொற்களும் ‘அஞ்சுதல்’ எனும் பொருளுடைய ‘பீ’ என்ற ஒரே வடமொழி வேரிலிருந்து கிளைத்தவை. இரண்டும் அச்சமின்மையைக் குறிப்பன.

பெண்ணின் அச்சம் ஆயுதத்துக்குப் பெயரைத் தந்தது. அதன் துளையளவையோ, அரசு தன் குடிமக்கள் மீது கொண்ட பழைய அச்சமே முடிவு செய்திருந்தது.